300 எம்பிபிஎஸ் பிளான், டவுன்லோடு 11.2 எம்பி மட்டும்: மீதி எங்கே போகிறது?

வில்லாபுரத்தான்:
வணக்கம். போன மாதம் வீட்டுக்கு 300 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டேன். லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக மோடத்தில் சொருகி ஒரு பெரிய ஃபைலை இறக்கினால் நொடிக்கு 11.2 எம்பி என்றுதான் காட்டுகிறது. எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு மெகாபிட், ஒரு பைட்டுக்கு எட்டு பிட், அதனால் எட்டால் வகுக்க வேண்டும் என்பது தெரியும். 300-ஐ எட்டால் வகுத்தால் 37.5 வர வேண்டுமே? கஸ்டமர் கேரில் கேட்டால் "எங்க பக்கம் 300 முழுசா போகுது சார்" என்கிறார்கள். விடிகாலை, நள்ளிரவு, எப்போது பார்த்தாலும் அதே 11.2. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஆரப்பாளையம்75:
அண்ணே, 300 என்று எழுதி 100 கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். வேறு கனெக்‌ஷனுக்கு மாறிவிடுங்கள்.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
மாற வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். எப்போது பார்த்தாலும் ஒரே எண் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. லைனில் நெரிசல் என்றால் எண் ஏறி இறங்கும். அசையாமல் நின்றால் நடுவில் ஏதோ ஒன்று உச்சவரம்பு போட்டிருக்கிறது. எந்த வரம்பு என்பதை 11.2-ஐ வைத்தே பின்னோக்கிப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் அந்த 'எம்பி' எவ்வளவு என்று பாருங்கள். விண்டோஸில் ஓடும் பெரும்பாலான நிரல்கள் எம்பி என்று காட்டுவது 1024 × 1024, அதாவது 10,48,576 பைட். 11.2-ஐ அதனால் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 1 கோடியே 17 லட்சத்து 44 ஆயிரம் பைட். எட்டால் பெருக்கினால் 9 கோடியே 39 லட்சம் பிட். லைன் கணக்கில் மெகா என்றால் எப்போதுமே 10 லட்சம். ஆக உங்களுக்கு வருவது 94 எம்பிபிஎஸ்.

இந்த 94 என்ற எண் எங்களுக்கு நல்ல பழக்கம். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட், அதாவது லேன் கேபிள் இணைப்பு தலைதெறிக்க ஓடினால் கையில் கிடைப்பது அதுதான். ஃபைல் துண்டு துண்டாகத்தான் போகும், ஒரு துண்டுக்குப் பெயர் பாக்கெட். ஒரு முழு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைலின் சரக்கு அதில் 1448 பைட். அதன்மேல் போகுமிடம், வரிசை எண் முதலியவை எழுதிய தலைப்புகள்: டிசிபி தலைப்பு 32, ஐபி தலைப்பு 20, ஆக 1500. ஈதர்நெட் தலைப்பும் சரிபார்ப்புக் குறியும் 18. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் 8 பைட் நேரத்துக்கு முன்னறிவிப்பு, பின்னால் 12 பைட் நேரத்துக்கு இடைவெளி. எல்லாம் சேர்ந்து கம்பியில் 1538 பைட்டுக்கான நேரம் ஓடுகிறது. 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 0.9415. நூறில் 94 மிச்சம்.

ஸ்பீடு டெஸ்ட் ஒன்று போடுங்கள், 94-ஐ ஒட்டி நிற்கும். அப்புறம் விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து, இணைப்பு வேகம் 100/100 என்று இருக்கிறதா, 1000/1000 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 100 என்று இருந்தால் கோளாறு மோடத்துக்கும் லேப்டாப்புக்கும் நடுவில். கம்பெனியின் 300 உங்கள் மோடம் வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்கிறது.

வில்லாபுரத்தான்:
ஐயா, சொன்னபடியே! ஸ்பீடு டெஸ்ட் 93.9. செட்டிங்ஸில் 100/100.

திருமங்கலம்_நெட்:
நான் ஃபீல்டு வேலை பார்க்கிறவன். ரெண்டே காரணம்தான் அண்ணே. ஒன்று, மோடத்தின் லேன் போர்ட். சில மாடல்களில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், மற்றதெல்லாம் 100. இன்னொன்று கேபிள். 100-க்கு ரெண்டு ஜோடிக் கம்பி போதும். 1000-க்கு நாலு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்திருந்தாலும் ரெண்டு முனையும் பேசிக்கொண்டு தானாக 100-க்கு இறங்கிவிடும், லைன் கட் ஆகாது. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

வில்லாபுரத்தான்:
பார்த்தேன். பிளக்கின் எட்டுப் பள்ளத்தில் நாலில்தான் கம்பி இருக்கிறது. ஆரஞ்சு ஜோடி 1, 2-இல். பச்சை ஜோடி 3, 6-இல். 4, 5, 7, 8 காலி. நீலத்தையும் பழுப்பையும் உறையின் விளிம்பிலேயே வெட்டி உள்ளே மடக்கிவிட்டிருக்கிறார்கள். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் வீட்டிலேயே பிளக்கை அழுத்திப் பொருத்தி, கிரிம்ப் பண்ணிய கேபிள் இது.

டவுன்ஹால் ரோட்டில் ரெடிமேட் கேட்-6 கேபிள் ஒன்று வாங்கிப் போட்டதும் 1000/1000 ஆகிவிட்டது. அதே ஃபைல் இப்போது 33.6-இல் இறங்குகிறது. இத்தனை நாள் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தோம். ரொம்ப நன்றி ஐயா, நன்றி தம்பி.

திருமங்கலம்_நெட்:
நாலு கம்பி மட்டும் போடுவது பழைய பழக்கம் அண்ணே. 10, 20 எம்பிபிஎஸ் பிளான் இருந்த காலத்தில் அதுவே தாராளம். மிச்ச ரெண்டு ஜோடியில் மாடியில் இருக்கும் வயர்லெஸ் நெட் ரேடியோவுக்குக் கரண்ட் ஏற்றுவோம், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்கு இன்னொரு லைன் இழுப்போம். இப்போது 200, 300 கொடுக்கும் இடத்திலும் அதே கை பழக்கம் சில பேரிடம் இருக்கிறது. வேலை முடிந்து கிளம்புகிறவரிடம் "இணைப்பு 1000 காட்டுகிறதா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எட்டுக் கம்பியும் போட்டுக் கொடுத்துவிடுவார்.

ஆரப்பாளையம்75:
சரி, இப்போதும் 37.5 வரவில்லையே. 33.6-தானே?

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
அது சரியான கணக்குதான் தம்பி. 300-ஐ 0.9415-ஆல் பெருக்கினால் 282. எட்டால் வகுத்தால் 35.3. அது 10 லட்சம் பைட் கணக்கு. 1024 கணக்குக்கு மாற்ற 1.0486-ஆல் வகுங்கள், 33.7 வரும். அவருக்கு வந்தது 33.6. ஒன்றும் தொலைந்து போகவில்லை.

கணக்கு_டீச்சர்_மேலூர்:
நான் மேல்நிலை வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். கிலோ என்றால் 1000 என்று நான் சொல்கிறேன், கணினி அறிவியல் பாடத்தில் 1024 என்று படிக்கிறார்கள். பிள்ளைகள் என்னிடம் வந்து எது சரி என்று கேட்கிறார்கள். ரெண்டும் சரி என்று சொன்னால் அவர்களுக்குத் திருப்தி இல்லை. ஐயா விளக்கினால் வகுப்பில் சொல்லலாம்.

தெப்பக்குளம்_கோடர்:
டீச்சர், கணினியில் 1024 வருவதற்குக் காரணம் மெமரியின் அமைப்பு. பத்து முகவரிக் கம்பி இருந்தால் 2-இன் 10-ஆம் அடுக்கு, 1024 இடங்களைச் சுட்டலாம். அதனால் ரேம் எப்போதும் அந்த மடங்கில்தான் வரும். லைன் வேகத்திலும் 1024 உண்டு என்று நினைக்கிறேன். கம்பெனிகள் வாடகைக்கு எடுக்கும் தனி லைனான 2 எம்பி லீஸ்டு லைனை 2048 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட்) என்றுதானே எழுதுகிறார்கள்? 2 × 1024 = 2048.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
கோடர் தம்பி கேட்டது அருமையான கேள்வி. எங்கள் துறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளும் இதையேதான் கேட்பார்கள். அந்த 2048 வேறு வழியில் பிறந்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், டீச்சருக்கும் உதவும்.

தொலைபேசியில் மனிதக் குரலை 300-இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் எடுத்துக்கொண்டார்கள். அதை எண்ணாக மாற்ற நொடிக்கு 8000 தடவை அளக்கிறோம். ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதுகிறோம். 8000 × 8 = 64,000. ஒரு ஆள் பேசுவதற்கு 64 கேபிபிஎஸ். கவனியுங்கள், சரியாக 64,000. 65,536 கிடையாது.

இந்த மாதிரி 32 தடங்களை ஒரே லைனில் அடுக்கினால் 32 × 64 = 2048 கேபிபிஎஸ். இதுதான் ஈ-1. இந்தியாவில் எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் ஓடியது இதுதான். முதல் தடம் இரண்டு பக்கமும் ஒத்து நடப்பதற்கு, நடுவில் ஒன்று சமிக்ஞைக்கு, மிச்சம் 30 தடத்தில் 30 பேர் பேசலாம். 2048 என்பது 1024-இன் மடங்காக அமைந்தது தற்செயல். அமெரிக்காவில் 24 தடம்தான் அடுக்கினார்கள். 24 × 64 = 1536, ஒத்திசைவுக்கு இன்னொரு 8, ஆக 1544 கேபிபிஎஸ். அதில் 1024-இன் சாயலே இல்லை பாருங்கள்.

மேலே போனாலும் இதே கதைதான். எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே ஓடும் ஃபைபரில் அடிப்படை வேகம் எஸ்டிஎம்-1, அது 155.52 எம்பிபிஎஸ். 270 நெடுவரிசை, 9 கிடைவரிசை கொண்ட கட்டங்கள், கட்டத்துக்கு 8 பிட், நொடிக்கு 8000 தடவை. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். அந்த 8000 குரலுக்காக வைத்தது, இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வீடுகளுக்கு ஃபைபரைப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு ஜிபான் என்று பெயர், அதன் இறங்கு வேகம் 2.488 கிகாபிட். அது எஸ்டிஎம்-1-ஐப் போல 16 மடங்கு. 64 கேபிபிஎஸ்-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 38,880.

எனவே டீச்சர், பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: கம்பியில் ஓடுவதைக் கடிகாரம் வைத்து எண்ணுகிறோம், அங்கே கிலோ 1000. மெமரியில் இருப்பதை இரட்டிப்பாக அடுக்குகிறோம், அங்கே 1024. ஃபைல் அளவு மெமரிப் பக்கம் வாங்கிவந்த பழக்கம், ஆகவே அது கம்பிக்கு வரும்போது மாற்ற வேண்டும்.

தெப்பக்குளம்_கோடர்:
அந்த 8000 விஷயம் இத்தனை நாள் எனக்குத் தெரியாது ஐயா. டீச்சருக்கு இன்னும் ஒன்று: இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் 1024 கணக்குக்கு, கிலோவுக்குப் பதில் கிபி, மெகாவுக்குப் பதில் மெபி என்று தனிப் பெயர்களே வைத்தது. லினக்ஸில் பார்க்கலாம். ஆப்பிள் மேக் 2009-இலிருந்து 1000 கணக்குக்கு மாறிவிட்டது. விண்டோஸ் இன்னும் 1024-ஐ எண்ணி, பெயரை மட்டும் ஜிபி என்று எழுதுகிறது. வித்தியாசம் கிலோவில் 2.4 சதவீதம்தான். மெகாவில் 4.9, கிகாவில் 7.4, டெராவில் கிட்டத்தட்ட 10. 1 டிபி ஹார்டு டிஸ்க் 931 என்று காட்டுவது இதனால்தான்.

கணக்கு_டீச்சர்_மேலூர்:
சதவீதம் ஏறிக்கொண்டே போவது நல்ல கணக்கு. 1.024-இன் அடுக்குகள். அடுக்குக்குறி பாடத்தில் அப்படியே வைத்துக்கொள்கிறேன். ஒரு கேள்வி: பாட் ரேட் என்று லேபில் சொல்கிறார்களே, அதுவும் பிட் வேகமும் ஒன்றா?

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
ஒன்றில்லை டீச்சர். நொடிக்கு எத்தனை தடவை சைகை மாறுகிறது என்பது பாட். ஒரு சைகை எத்தனை பிட்டைச் சுமக்கிறது என்பது வேறு. பழைய 2400 மோடம் 600 பாட்தான், ஒவ்வொரு சைகையிலும் 4 பிட். லேபில் 9600 சீரியல் போர்ட் போடும்போது பாட்டும் பிட்டும் சமம். ஆனால் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு நிறுத்த பிட் உண்டு. அதனால் அங்கே எட்டால் வகுக்கக் கூடாது, பத்தால் வகுக்க வேண்டும். நொடிக்கு 960 பைட்.

விளக்குத்தூண்_ஜவுளி:
எல்லோருக்கும் வணக்கம். கடையில் 4 கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் என்று செட் பண்ணியிருக்கிறார்கள். 1 டிபி டிஸ்க் எத்தனை நாள் தாங்கும்? பொருத்தியவர் ஒரு மாதம் வரும் என்றார். தீபாவளிக் கூட்டத்தில் ஒரு பிரச்சினை, மூணு வாரம் முந்திய பதிவைத் தேடினால் அழிந்துபோயிருக்கிறது.

திருமங்கலம்_நெட்:
அண்ணாச்சி, நாலு ரெண்டு எட்டு எம்பிபிஎஸ். எட்டால் வகுத்தால் நொடிக்கு 1 எம்பி. ஒரு நாளைக்கு 86,400 நொடி, ஆக நாளுக்கு 86.4 ஜிபி. 1000-ஐ அதனால் வகுத்தால் பதினொன்றரை நாள். டிவிஆர், அதாவது கேமராப் பதிவுப் பெட்டி, 931 என்று காட்டினால் அதை எடுத்து மறுபடி வகுக்காதீர்கள், அது அதே டிஸ்க்கின் இன்னொரு கணக்கு. மாதம் வேண்டுமென்றால் சுமார் 2.6 டிபி வேண்டும். இல்லாவிட்டால் வீடியோவை இன்னும் சுருக்கும் ஹெச்.265 முறைக்கு மாற்றி ஒவ்வொன்றையும் 1 எம்பிபிஎஸ் ஆக்குங்கள், 23 நாள் வரும். கடை பூட்டியிருக்கும் நேரத்தில் அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்று வைத்தால் மாதத்தைத் தாண்டிவிடும்.

நான் மனசில் வைத்திருக்கும் வாய்ப்பாடு ஒன்று சொல்கிறேன். 1 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 0.45 ஜிபி. ஒரு நாள் ஓடினால் 10.8 ஜிபி. இந்த ரெண்டு எண் போதும், கேமராவோ நெட்டோ எதுவானாலும் வாயிலேயே போட்டுவிடலாம்.

விளக்குத்தூண்_ஜவுளி:
அப்போ வீட்டில் இருந்தபடி மொபைலில் நாலு கேமராவையும் பார்த்தால் டேட்டா எவ்வளவு போகும் தம்பி? தினம் 1.5 ஜிபி பேக் வைத்திருக்கிறேன். மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகிறது.

திருமங்கலம்_நெட்:
நொடிக்கு 1 எம்பி என்றால் 1500 நொடி. இருபத்தைந்தே நிமிஷம் அண்ணாச்சி. ஆப்பில் 'சப் ஸ்ட்ரீம்' என்று தரம் குறைந்த படம் ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். கேமராவுக்கு 256 கேபிபிஎஸ் வைத்தால் நாலுக்கும் சேர்த்துச் சுமார் 1 எம்பிபிஎஸ், மூணு மணி நேரத்துக்கு மேல் பார்க்கலாம். திருடனா வாடிக்கையாளரா என்று தெரிய அது போதும். டிஸ்க்கில் பதிவாவது முழுத் தரத்திலேயே இருக்கும்.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
பேக் தீர்ந்த பிறகு 64 கேபிபிஎஸ் கிடைக்கும் என்று போட்டிருப்பார்கள், பார்த்தீர்களா? மேலே சொன்ன ஒரே ஒரு போன் குரலின் தடம் அது. எட்டால் வகுத்தால் நொடிக்கு 8 கிலோபைட். 4 எம்பி போட்டோ ஒன்று போக 500 நொடி, எட்டு நிமிஷத்துக்கு மேல். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போய்விடும், கேமரா வராது. 'அன்லிமிடெட்' என்று எழுதிக்கொள்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 2004 பிராட்பேண்ட் கொள்கையிலேயே 256 கேபிபிஎஸ் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்றார்கள். 2013-இல் அது 512. 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். அந்த வரையறையில் முப்பதில் ஒரு பங்குகூட இந்த 64 கிடையாது.

வில்லாபுரத்தான்:
அந்த 0.45 வாய்ப்பாட்டை என் பிளானுக்குப் போட்டேன். 300 × 0.45 = மணிக்கு 135 ஜிபி. மாத வரம்பு 3300 ஜிபி. முழு வேகத்தில் ஓட்டினால் ஒரே நாளில் தீர்ந்துவிடும்!

திருமங்கலம்_நெட்:
ஆமாம் அண்ணே, ஆனால் வீட்டில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. மாதம் முழுக்கச் சராசரி 10 எம்பிபிஎஸ் வந்தால்தான் 3300 ஆகும். அதை நம்பித்தான் ஒரே ஃபைபரை 32 வீட்டுக்குப் பிரிக்கிறோம். 2.488 கிகாபிட்டை 32-ஆல் வகுத்தால் வீட்டுக்குச் சுமார் 78 எம்பிபிஎஸ். எல்லோரும் ஒரே நொடியில் 300 கேட்பதில்லை என்பதால் ஓடுகிறது. ஐபிஎல் ராத்திரியில் வேகம் ஏறி இறங்கினால் அங்கே பாருங்கள். அசையாமல் நின்றால் ஐயா சொன்ன மாதிரி கேபிளைப் பாருங்கள்.

கல்யாணக்கேமரா:
இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு 200 ஜிபி ஃபுட்டேஜ் வருகிறது. எடிட்டர் சென்னையில். எங்கள் ஸ்டூடியோ நெட்டில் அப்லோடு 20 எம்பிபிஎஸ். ஆவணி, தை முகூர்த்தங்களில் அடுத்தடுத்து வேலை இருக்கும்போது ஏற்றி முடிவதே இல்லை. டிஸ்க்கைப் பஸ்ஸில் போட்டு அனுப்பலாமா, பெரிய பிளானுக்கு மாறலாமா?

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
இரண்டையும் ஒரே அலகில் வைத்துப் பார்ப்போம். 200 ஜிபி என்றால் 16 லட்சம் மெகாபிட். 20-ஆல் வகுத்தால் 80,000 நொடி, 22 மணி நேரத்துக்கு மேல். தலைப்புச் சேதாரத்தையும் சேர்த்தால் ஒரு நாள் முழுக்க என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பஸ். மாட்டுத்தாவணியில் இரவு 9 மணிக்குப் பார்சல் ஏற்றினால் காலை 6-க்குச் சென்னை. 9 மணி நேரம். டிஸ்க்கில் எழுத இங்கே அரை மணி, அங்கே இறக்க அரை மணி. மொத்தம் 10 மணி, அதாவது 36,000 நொடி. 16 லட்சத்தை 36,000-ஆல் வகுத்தால் 44 எம்பிபிஎஸ். உங்கள் பஸ்ஸின் வேகம் 44 எம்பிபிஎஸ். நான்கு கல்யாணத்து டிஸ்க்கை ஒரே பையில் வைத்தால் அந்த எண் இன்னும் ஏறும்.

ஆகவே ஒரு கல்யாணம் மட்டும் என்றால், அப்லோடு 50 இருக்கும் பிளான் கிடைத்தால் கம்பி ஜெயிக்கும். 20-இல் பஸ்தான். பிளான் கேட்கும்போது அப்லோடு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது டவுன்லோடு மட்டும்.

தெப்பக்குளம்_கோடர்:
அண்ணே, நடுவழி ஒன்று இருக்கிறது. எடிட்டருக்கு வெட்டி ஒட்ட முழுத் தரம் முதல் நாளே தேவையில்லை. 5 எம்பிபிஎஸ்ஸில் சின்ன நகல் எடுத்து அனுப்புங்கள். 6 மணி நேர ஃபுட்டேஜ் என்றால் 5 × 0.45 × 6 = 13.5 ஜிபி. உங்கள் லைன் மணிக்கு 9 ஜிபி ஏற்றும். ஒன்றரை மணி நேரம். அவர் வெட்டத் தொடங்கிவிடலாம், அசல் டிஸ்க் பின்னாலேயே பஸ்ஸில் போகட்டும். ஃபைல் பெயர்களை மட்டும் மாற்றிவிடாதீர்கள். நகலின் பெயரும் அசலின் பெயரும் ஒத்திருந்தால்தான் கடைசியில் நிரல் தானாக மாற்றிக்கொள்ளும்.

கல்யாணக்கேமரா:
எடிட்டரிடம் பேசினேன், சரி என்றுவிட்டார். ஃபுட்டேஜ் ஏழு மணி நேரம். 15.75 ஜிபி, ஒன்றே முக்கால் மணி நேரம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அசல் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிறது, ராத்திரி பஸ்ஸுக்குக் கொடுத்துவிடுவேன்.